நாலாவது குரூப்

கலைவாணிக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் பஸ் போர்டு படிப்பாள், கோவில் நோட்டீஸ் படிப்பாள், பிரதோஷம் என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தெருவுக்கே சொல்லுவாள். அப்படிப்பட்டவளுக்கு, அந்த வெள்ளிக்கிழமை மகள் ஜீவிதா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து நீட்டிய ஒற்றைத் தாள் மட்டும் நாலு தரம் படித்தும் பிடிபடவில்லை.

தாளில் நாலு வரி இருந்தது. கணக்கு–உயிரியல். கணக்கு–கம்ப்யூட்டர். வணிகவியல். தாவரவியல்–விலங்கியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அடியில் பெற்றோர் கையொப்பம்.

"இதுல எதுன்னா ஒண்ணு டிக் பண்ணணும்மா. மண்டே பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும். அப்புறம் மாத்தவே முடியாதாம்."

"ஒண்ணுதானா? ரெண்டு மூணு சேத்துப் படிக்கக் கூடாதா?"

"மா, இது இன்னா கல்யாணப் பந்தியா, கேட்டுக் கேட்டு வாங்கறதுக்கு?"

"சரி, நீ எதுடி எடுக்கப் போற?"

ஜீவிதா தலைமுடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டே, "நீயே சொல்லும்மா" என்றாள்.

பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று இருபத்தெட்டு எடுத்த பெண். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லுகிறவள். இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கலைவாணி தாளை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனாள். செவிலிமேட்டில் அவர்கள் வீட்டு முன்னறை முழுக்கத் தறிதான். கணவன் வேணுகோபால் உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, இதப் பாருங்க."

வேணுகோபால் பார்த்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. "இந்தா கலை, முந்தானையில அடுத்து இன்னா வரும்னு கேளு, தூக்கத்துலகூடச் சொல்றேன். இந்தப் பொண்ணுக்குப் பத்து வருஷம் கழிச்சு இன்னா வரும்னு என்னக் கேட்டா நா இன்னாத்த சொல்லுவேன்? ரிப்போர்ட் கார்டுல எல்லாம் நீதான கையெழுத்துப் போடுவ. இதுலயும் நீயே பாத்துப் போடு."

அப்படித்தான் அந்தத் தாள் அவள் தலையில் விழுந்தது.

மறுநாள் சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சுவரில் படம் காட்டிப் பேசினார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள் நாளைக்குச் செய்யப்போகும் வேலைகளில் பாதி இன்னும் பிறக்கவே இல்லை என்றார். இன்றைக்கு இருக்கும் வேலையில் பாதியை மெஷின் எடுத்துக்கொள்ளும் என்றார். ஆகவே பிள்ளைகளை எதற்கும் தயாராக வையுங்கள் என்று முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கலைவாணியும் தட்டினாள். தட்டிவிட்டு, எதற்குத் தட்டினோம் என்று யோசித்தாள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பொறக்காத புள்ளைக்கு இன்னா அளவுல சட்ட தைக்கிறது?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். வந்தவரும் சிரித்து, "நல்ல கேள்வி" என்று சொல்லி, தண்ணீர் குடித்து, வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் வகுப்பு ஆசிரியர் ஜான்சன் சார் கூப்பிட்டார். பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள மனிதர். "ஒண்ணாவது குரூப் சீட் முடிஞ்சுபோச்சும்மா. மிச்சம் மூணுதான் இருக்குது. ஜீவிதாவுக்குக் கணக்குல தொண்ணூத்தஞ்சு. யோசிக்காம கம்ப்யூட்டர் போடுங்க. நாளைக்கு எல்லாமே கம்ப்யூட்டர்தான்."

யோசிக்காமல் என்று அவர் சொன்னதே கலைவாணிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் வீட்டுக்கு நாலு வாசல் முன்னால் வரைக்கும்தான் நின்றது. அங்கே நதியா கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, இப்போது இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிற பெண்.

"கம்ப்யூட்டரா ஆன்ட்டி? நா எழுதிக்கினு இருந்தத இப்ப மெஷினே எழுதுது. அது எழுதுனது சரியான்னு பாக்கறதுக்கு என்ன வெச்சாங்க. அப்புறம் பாக்கறதுக்கும் ஆள் வேணாம்னுட்டாங்க."

"அய்யோ. அப்ப வேணான்றியா?"

"வேணாம்னு சொல்லல ஆன்ட்டி. ஜீவி படிச்சு முடிக்கறப்போ இதெல்லாம் மாறியிருக்கும். மாறாமயும் இருக்கலாம்."

உள்ளேயிருந்து நதியாவின் அம்மா குரல் வந்தது. "ஆமா, அவகிட்ட யோசன கேளு. நா அப்பவே டீச்சர் டிரெய்னிங் சேருடின்னு தலபாடா அடிச்சுக்கினேன், கேட்டாளா?" நதியா குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள். அம்மாவோடு வந்த ஜீவிதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் கொழுந்தன் சிவராஜ் வந்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. காபியை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"காமர்ஸ் போடு அண்ணி. பேங்க் பரீட்ச எழுதலாம். எங்க லைன்ல போன வருஷம் பதினோரு பேர் நின்ன எடத்துல இப்ப ஒரு இரும்புக் கை நிக்குது. அதுக்கு டீ பிரேக்கும் இல்ல, பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவும் கேக்காது."

"பேங்க்லயும்தான் ஆளே இல்லியேப்பா. எல்லாம் போன்லயே முடிச்சுடறாங்களே."

சிவராஜ் கொஞ்சம் யோசித்தான். "அதுவும் சரிதான்" என்றான். பிறகு, "இருந்தாலும் காமர்ஸே போடு" என்றான்.

ஜீவிதா போனில் இதையே கேட்டுப் பார்த்தாள். போன் பெண்குரலில் பொறுமையாகப் பதில் சொல்லியது. கம்ப்யூட்டருக்கும் நல்ல எதிர்காலம், காமர்ஸுக்கும் நல்ல எதிர்காலம், அவரவர் விருப்பப்படி எடுத்தால் நல்லது.

"கிளி ஜோசியக்காரன் மாதிரியே பேசுது. வந்தவங்க எல்லாருக்கும் நல்ல சீட்டாவே எடுக்குது" என்றாள் கலைவாணி.

நல்லவர்கள்தான் எல்லாரும். யாரும் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதுவே சரி என்று பட்டது. அவர் எழுந்து போனதும் அதுவே தப்பு என்று பட்டது. கடைசியில் அவள் தன் பிறந்த ஊர்ச் சாமியிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

பிறந்த ஊர் மாகறல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் பஸ் மாறிப் போய் இறங்கினார்கள். அவள் வீட்டு வழக்கம் இது. பெண் பார்ப்பதோ, வீடு மாற்றுவதோ, எதுவானாலும் சன்னதியில் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது எதற்கு என்று கேட்கிறவர் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் அறியாத குழந்தை ஒன்று அதில் ஒன்றை எடுக்கும். எடுத்ததுதான் பதில்.

ஆனால் மூன்று குரூப் இருக்கிறதே. நந்தியாவட்டை, அரளியோடு கொஞ்சம் சாமந்தியும் வாங்கிக்கொண்டு போய்க் குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

குருக்கள் சிரித்துவிட்டார். "சாமிகிட்ட இதா, அதான்னு ரெண்டுதாம்மா கேக்கலாம். மூணு நாலுன்னு வெக்கறதுக்கு இது என்ன டிவி போட்டியா? நீங்க முதல்ல ரெண்டாக் குறைச்சுண்டு வாங்கோ."

கலைவாணி தூண் ஓரம் நின்று குறைத்தாள். கம்ப்யூட்டர், சார் சொன்னது. காமர்ஸ், கொழுந்தன் சொன்னது. நாலாவது வரியில் இருந்ததை யாருமே சொல்லவில்லை. நதியாகூட அதைப் பற்றிப் பேசவில்லை. போனும் பேசவில்லை. யாரும் பேசாததைச் சாமியிடம் போய் எதற்குக் கேட்பது? சாமந்தியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். வெள்ளை கம்ப்யூட்டர், சிவப்பு காமர்ஸ் என்று மனசுக்குள் மூன்று தரம் சொல்லி நிறுத்தினாள்.

வாழை இலையைக் கிழித்துப் பூவை மடித்தாள். கட்ட நார் இல்லை. பர்ஸில் எப்போதும் நாலு பட்டு இழைத் துண்டு கிடக்கும், அதை எடுத்தாள். விரலில் குருக்கள் கொடுத்த விபூதி இருந்தது. ஈஸ்வரா, இந்தக் குழந்தைக்கு நல்ல வழி காட்டு என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டே இரண்டு பொட்டலத்தையும் கட்டி சன்னதிப் படியில் வைத்தாள்.

மொட்டை அடித்துக் காது குத்த வந்திருந்த குடும்பத்துக் குழந்தை ஒன்று, இரண்டரை வயசு இருக்கும். தலையில் சந்தனம் காயாமல் நின்றது. "கண்ணு, அதுல ஒண்ண எடுத்துக் குடு" என்றாள் கலைவாணி.

குழந்தை குனிந்தது. ஒரு பொட்டலத்தைத் தொட்டது. தொட்டதுதான் தெரியும், இழை அவிழ்ந்து இலை விரிந்துவிட்டது. குழந்தை பயந்து கையை உதற, இன்னொன்றும் உருண்டு அவிழ்ந்தது. வெள்ளையும் சிவப்பும் கலந்து படி முழுக்கச் சிதறின. குழந்தை கை நிறையப் பூவை அள்ளித் தன் மொட்டைத் தலையிலேயே போட்டுக்கொண்டு சிரித்தது.

"என்னம்மா, கட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் குருக்கள்.

கட்டத் தெரியாதா! செவிலிமேட்டில் நாலு தெருவில் யார் தறியில் முந்தானைக்கு நிறம் மாற்ற வேண்டுமானாலும் கலைவாணியைத்தான் கூப்பிடுவார்கள். சேலை உடலுக்கு நீளவாக்கில் ஓடும் பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்தானைப் பாவின் இழையைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடிச்சுப் போட்டால் பட்டில் தடிப்புத் தெரியும். அதனால் விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் கட்டைவிரலால் ஒரு முறுக்கு முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். தறியின் இழுப்பில் அது அசையாமல் நிற்கும். பதினோரு வயசில் தொடங்கி முப்பத்துமூன்று வருஷமாக அவள் கட்டைவிரலுக்கு அது ஒன்றுதான் வேலை.

ஜீவிதா குனிந்து இழையை எடுத்துப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"மா! முடிச்சே போடல நீ. பிணைச்சு வெச்சிருக்க!"

விரலில் விபூதி பட்டதும் கட்டைவிரல் தன்பாட்டுக்கு முறுக்கிவிட்டிருக்கிறது. ஈர இலையில் இழுப்பு ஏது? எப்படி நிற்கும்?

கலைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "சாமி, இன்னொரு தரம் கட்டி வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒரு கேள்விய உடனே ரெண்டாந்தரம் கேக்கப்படாதும்மா. அடுத்த பிரதோஷத்துக்கு வாங்கோ" என்றார் குருக்கள்.

அடுத்த பிரதோஷம் என்றைக்கு என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை பன்னிரண்டு மணி அதற்கு எவ்வளவோ முன்னால் வந்துவிடும்.

பிராகாரத்தில் நந்தி பக்கம் நிழலில் உட்கார்ந்தார்கள். கலைவாணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜீவிதா தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆமா, எது எது வெச்ச?"

"இனிமே சொன்னா இன்னா. வெள்ள கம்ப்யூட்டர். செவப்பு காமர்ஸ்."

ஜீவிதா மெல்லுவதை நிறுத்தினாள். "அவ்ளோதானா? அப்ப என்னுது அதுல இல்லவே இல்லியா?"

"உன்னுதா? உன்னுது எதுடி?"

கலைவாணி மகள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, விளையாட்டும் இல்லை.

"பின்னாடித் தெரு பொன்னியம்மா வூட்டு மாடு கன்னு போட்டுச்சே, கார்த்திக மழையில. தல உள்ள திரும்பிக்கினு காலு மட்டும் வந்து மாட்டிக்கிச்சு. ஒரு டாக்டரம்மா ஸ்கூட்டில வந்தாங்க. நாதான் டார்ச் புடிச்சேன். அந்தம்மா தோள் வரைக்கும் கைய உள்ள வுட்டுக் கண்ண மூடிக்கினாங்க மா."

"கண்ண ஏன் மூடிக்கினாங்க?"

"விரல்லயே பாக்கறாங்க. எது காலு, எது தல, எல்லாம் விரல்லயே தெரியுது. அப்புறம் மெதுவாத் திருப்பி இழுத்தாங்க. கன்னுக்குட்டி விழுந்து ஒரு தும்மு தும்மிச்சு." ஜீவிதா தன்னையறியாமல் சிரித்தாள். "நா அப்பவே நெனச்சேன். நாலாவது குரூப் எடுத்தா அதுக்குப் போலாம். கேட்டு வெச்சிருக்கேன்."

"மாட்டு டாக்டரா?"

"ஆமா."

"இத ஏன்டி மூணு நாளா வாயத் தொறந்து சொல்லல? நா ஊர் ஊராப் பூவத் தூக்கிக்கினு அலையறேன்."

"நா சொல்லி எடுத்து, அது தப்பாப் போச்சுன்னா? நதியாக்கா தானாதான் கேட்டு எடுத்தாங்க. இப்ப அவங்கம்மா தெனமும் சொல்லிக் காட்டுது, பாத்த இல்ல. நீ சொன்னதா இருந்தா..."

"இருந்தா?"

"ஒன்னத் திட்டலாம்ல."

கலைவாணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றபோது, நீ என்னவாகப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. விரல் மெல்லிசாக இருக்கிறது, பிணைக்க வரும் என்றார்கள், உட்கார்ந்தாள். அதைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. யாரும் கேட்காததால் யாரையும் திட்டவும் வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு நாலு கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் இவ்வளவு சின்னப் பெண்ணிடம் இவ்வளவு பெரிய பயத்தையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டார்கள்.

"சரி, திட்டிக்கோ" என்றாள். "தப்பாப் போச்சுன்னா எங்கம்மா சொன்னான்னு என் பேரையே சொல்லு. ஊரெல்லாம் சொல்லு."

"நெஜமாவா?"

"நந்தி கேட்டுக்கினுதான இருக்குது."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜீவிதா ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டாள். கலைவாணிக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பொட்டலத்தை அவிழ்த்துவிட்டது சாமியா, தன் கட்டைவிரலா? சாமி என்றால், இரண்டும் வேண்டாம் என்று சொன்னதா, இல்லை, என்னிடம் கேட்காதே என்று சொன்னதா? கட்டைவிரல் என்றால், ஒரு முடிச்சு ஒழுங்காகப் போட்டிருந்தால் இந்நேரம் பெண் கம்ப்யூட்டரோ காமர்ஸோ எடுத்திருப்பாள், மாட்டைப் பற்றி யாருக்கும் தெரிந்தே இருக்காது. அது நல்லதா, இது நல்லதா? பாலாற்றுப் பாலம் வரும்வரை இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செவிலிமேட்டில் மாடு கட்டியிருந்த காலி மனையில் எல்லாம் வீடு எழும்பிக்கொண்டிருந்தது வேறு கண்ணில் பட்டது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஜான்சன் சார் முன்னால் நின்றார்கள். நாலாவது கட்டத்தில் ஜீவிதா டிக் போட்டிருந்தாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கணக்குல தொண்ணூத்தஞ்சு வாங்கிட்டு, கணக்கே இல்லாத குரூப்பா? யார் சொன்னது இது?"

"நாந்தான் சார்" என்றாள் கலைவாணி.

"நாந்தான் சார்" என்றாள் ஜீவிதாவும், அதே நேரத்தில்.

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கலைவாணி மகளைப் பார்த்தாள். திட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றவள் இப்போது ஏன் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஜீவிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"இன்ஜினியரிங் பக்கமே போக முடியாதும்மா அப்புறம். தெரியும் இல்ல?"

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கலைவாணிக்குத் தோன்றியது. பேனாவை வாங்கினாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "இது சரிதானா சார்?" என்று கேட்டாள்.

ஜான்சன் சார் தாளை வாங்கி மற்ற தாள்களோடு வைத்தார். சனிக்கிழமை இருந்த உறுதி அவர் குரலில் இல்லை. "என் பொண்ணும் இந்த வருஷம் பிளஸ் ஒன்தாம்மா. ராத்திரி பகலா வீட்ல இதே பேச்சுதான். சத்தியமா எனக்குத் தெரியல."

வீட்டுக்கு வந்தபோது வேணுகோபால் தறியில் சும்மா உட்கார்ந்திருந்தான். கரை வேறு நிறம், உடல் வேறு நிறம். கரைக்கென்று தனி இழை ஓட்டும் நாடாவை வலது புறம் உட்கார்ந்து அவள் போட்டால்தான் சேலை நகரும்.

"இன்னா ஆச்சு?"

"மாட்டு டாக்டருக்குப் போட்டாச்சு."

"எந்த மாட்டுக்கு?" என்றான். பிறகுதான் விளங்கியது. "ஏன் கலை, பத்து வருஷம் கழிச்சு மாடு இருக்குமா இங்க?"

உள்ளேயிருந்து ஜீவிதா குரல் கொடுத்தாள். "பாக்கெட்டுல பால் எங்கேர்ந்துப்பா வருது?"

"பால் வருது, சரி. மாடு நம்ம ஊர்ல இருக்குமான்னு கேட்டேன்."



கலைவாணி புடவையை ஒதுக்கிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். "இருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"தெரியலைங்க" என்றாள். "நாடாவப் போடுங்க."